பூட்டைப் பிடித்திருந்தது யார்

மகனே,

நீ நலமாகத்தான் இருப்பாய். அதை விசாரித்து ஒரு வரியை வீணாக்க மாட்டேன். உன்னைப் போன்றவர்களுக்கு நலக்குறைவு வருவதில்லை, பக்கத்து நாற்காலிக்காரர்களுக்குத்தான் வருகிறது. இங்கே மிளகு பழுத்துக்கொண்டிருக்கிறது, உன் அப்பா ஏணியும் கையுமாகத் திரிகிறார். உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டு முந்தாநாள் மதிய பஸ்ஸில் வந்து சேர்ந்தது. ஒன்றை உருவி எடுத்து முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். ஒரு பிழை இல்லை. எப்படி இருக்கும்? பெண்ணுடைய தாத்தாவின் இனிஷியல் சரியாக விழ வேண்டும் என்று நீ பெங்களூரிலிருந்து ஓயாமல் போன் பேசியதை அந்த அச்சகத்துக்காரரே உன் அப்பாவிடம் சொல்லிச் சிரித்தாராம். "உங்க பையனாட்ட ப்ரூஃப் பாக்கற ஆளை நான் கண்டதில்லீங்க" என்றாராம். உன் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

எதற்கு எரிந்தது என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் போனில் நான் அந்தப் பேச்சை எடுத்தவுடன் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. என் குரல் கேட்டால்தான் உன் ஆபீஸில் மீட்டிங்கே வைப்பார்கள் போலிருக்கிறது. ஆகவே எழுதுகிறேன். கடிதத்திடம் 'அப்புறம் கூப்பிடறேன்' என்று சொல்ல முடியாது பார். ஒன்று மட்டும் செய். படித்து முடித்ததும் இதை உனக்கு வரப்போகிறவளிடம் கொடு. அவள் காலேஜில் விலங்கியல் சொல்லித் தருகிறவள், கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரிய நியாயமில்லை. அவளுக்காகத்தான் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் விளக்கி எழுதுகிறேன். உனக்கும் அதனால் கெடுதல் இல்லை. உனக்குத் தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி உனக்குத் தெரியாது.

நான் யார் என்றே நீ அவளிடம் சரியாகச் சொல்லியிருக்க மாட்டாய். "அம்மா கொல்லிமலைல பெப்பர் எஸ்டேட் பாத்துக்கறாங்க" என்று முடித்திருப்பாய். எஸ்டேட்டாம்! ஏறி இறங்கினால் மூச்சு வாங்குகிற ஒரு சரிவும், அதில் சில்வர் ஓக் மரங்களும், மரத்துக்கு மரம் மிளகுக் கொடியும். நீ பிறப்பதற்கு முன்னாலும் பிறந்து நெடுநாளைக்கும் நான் பெங்களூரில் கெர்னல் எழுதுகிற கூட்டத்தில் ஒரே பெண்பிள்ளையாக உட்கார்ந்திருந்தவள் என்பதை அவள் தெரிந்துகொள்ளட்டும். தொண்ணூற்றேழில் அந்தக் கூட்டத்தைக் கலைத்து, இரண்டாயிரமாவது வருஷம் வரப்போகிறதென்று எல்லோரையும் இரண்டு இலக்கத்தை நான்கு இலக்கமாக மாற்றுகிற வேலைக்குத் தள்ளினார்கள். மூளையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் செய்ய வேண்டிய வேலை. நான் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, உன் அப்பா கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டில் வாங்கிப் போட்டிருந்த இந்தக் காட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே மிளகு காய்த்தது என்றால் காய்த்ததுதான். அதை மீட்டிங் வைத்து மாற்ற முடியாது.

கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் அடிமட்டத்தில் ஓடுகிற புரோகிராம். டிஸ்க்கைப் படிப்பது, நெட்வொர்க்கோடு பேசுவது, யாருக்கு எப்போது முறை என்று தீர்மானிப்பது எல்லாம் அதன் தலையில். அது படுத்தால் எல்லாம் படுக்கும். ஏன் படுத்தது என்று பிற்பாடு கண்டுபிடிப்பதற்காக, ஓடுகிறபோதே அது குறிப்புப் போட்டுக்கொண்டு போகும். அதற்கு டிரேஸ் என்று பெயர். ஆனால் கெர்னலுக்கு உட்கார்ந்து வாக்கியம் எழுத நேரம் கிடையாது. ஆகவே வாக்கியங்களை வெளியே ஒரு தனி ஃபைலில், காலி இடம் விட்டு, எழுதி வைத்துவிடுவார்கள். கெர்னல், எந்த வாக்கியம் என்பதற்கு ஒரு நம்பரையும், காலி இடத்தில் போட வேண்டியவற்றையும் வரிசையாகத் துப்பிவிட்டு அடுத்த வேலைக்கு ஓடிவிடும். பிற்பாடு வேறொரு புரோகிராம் இரண்டையும் ஒட்டி, மனிதர் படிக்கிற மாதிரி ஆக்கிக் கொடுக்கும். காலி இடம் விட்ட அந்த வாக்கியம்தான் ஃபார்மட் ஸ்ட்ரிங். அச்சகத்தில் பத்திரிகை வாசகம் தயாராக இருக்கிறதே, அதே கதை. மணமகனுக்கு ஓர் இடம், மணமகளுக்கு ஓர் இடம். நாம் பெயர்களைக் கொடுத்தால் போதும். வரிசை மாற்றிக் கொடுத்தால் உன்னைப் பெண்ணாக்கி அச்சடித்துவிடுவார்கள், வாசகத்தில் ஒரு குறையும் தெரியாது. பத்திரிகையில் அப்படி வந்தால் ஊரே சிரிக்கும். டிரேஸில் வந்தால் ஒருவரும் சிரிப்பதில்லை, நம்பிவிடுகிறார்கள்.

அந்த வாக்கியங்களுக்கு விளக்கம் எழுதுவது உன் பொறுப்பு. எப்போது இந்த வாக்கியம் வரும், முதல் இடத்தில் நிற்பது என்ன, இரண்டாம் இடத்தில் நிற்பது என்ன, இதைப் பார்த்தவர் அடுத்து எங்கே தேட வேண்டும். நல்ல வேலை, யாரோ ஒருவர் இக்கட்டில் இருக்கும்போதுதான் அதைத் திறந்து பார்ப்பார். நீ அதைச் செய்த லட்சணத்தை நான் பார்த்துவிட்டேனே. தீபாவளிக்கு வந்தபோது ஒரு கட்டுத் தாளை என் மடியில் போட்டாய். "இங்கிலீஷ் மட்டும் கொஞ்சம் பாத்துக் குடுங்கம்மா. கல்யாணம் முடிஞ்சு அமெரிக்கா போறப்ப இதத்தான் அங்க காட்டணும். உங்களுக்கும் பொழுது போகும்" என்றாய். எனக்குப் பொழுது போகவில்லை என்று உன்னிடம் யார் சாமி அழுதார்கள்?

பொழுது நன்றாகவே போயிற்று. 'பூட்டுக்குக் காத்திருத்தல்: பூட்டுக்காகக் காத்திருப்பதைக் குறிக்கும்.' 'டிஸ்க் பிழை: டிஸ்க்கில் பிழை என்பதைக் குறிக்கும்.' பக்கம் பக்கமாக இப்படியே. செம்மேட்டுச் சந்தையில் அன்னாசிப் பழத்துக்குப் பக்கத்தில் 'அன்னாசி: அன்னாசியைக் குறிக்கும்' என்று பலகை வைத்தால் அந்த வியாபாரியைப் பார்த்துச் சிரிப்பார்கள். உனக்கு அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். இன்னும் இருக்கிறது. உன் கூட்டாளி ஒருவன் எழுதிய செய்தி, 'இங்கே வந்தாச்சு.' அதற்கு அடுத்தது, 'இங்கேயும் வந்தாச்சு.' எங்கேயடா வந்தாய்? மூன்றாவது, 'இந்த இடத்துக்கு வரவே வராது.' வராத இடத்தில் எதற்கு வரவேற்புப் பலகை? இதற்கெல்லாம் நீ முகம் சுளிக்காமல் விளக்கம் எழுதியிருக்கிறாய். கடைசிப் பக்கத்தில் 'படித்துச் சரிபார்த்தவர்கள்' என்று ஒரு கூட்டமே கையெழுத்துப் போட்டிருக்கிறது. அத்தனை பேரும் சேர்ந்து சமோசா தின்றிருப்பீர்கள், அதை நம்புகிறேன். படித்தீர்கள் என்பதை மட்டும் நம்பச் சொல்லாதே.

இதோடு போயிருந்தால் சிவப்பு மையில் திருத்தி, தலையில் அடித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்திருப்பேன். பின்னிணைப்பு என்று ஒன்று சேர்த்திருந்தாயே, அங்கேதான் என் கை நின்றது. 'டிரேஸைப் படித்துத் தவறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி: ஓர் உண்மை உதாரணம்' என்று தலைப்பு. அந்த உதாரணம் ஷமீமா.

ஷமீமா யார் என்று உனக்கு வரப்போகிறவளுக்குச் சொல்கிறேன். சேந்தமங்கலத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிற அஜீஸ் பாயின் மகள். கணக்கில் புலி. இந்த வேலைக்கு எழுதிப் போடச் சொன்னவளே நான்தான். பெண்ணைத் தனியாகப் பெங்களூருக்கு அனுப்ப பாய் தயங்கியபோது, அவர் கடையில் அண்டாக்களுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "என் பையன் அதே ஆபீஸ்லதான் இருக்கறான் பாய். அவன் பாத்துக்குவான்" என்று வாக்குக் கொடுத்தவளும் நான்தான். பார்த்துக்கொண்டாய். உன்னைப் போல் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காது.

உங்கள் இருவருக்கும் வேலை அடுத்தடுத்த மேஜையில். அவள் எழுதியது நெட்வொர்க்கை இயக்குகிற பகுதி, நீ எழுதியது டிஸ்க்கை இயக்குகிற பகுதி. இரண்டுக்கும் பொதுவாகச் சில சாமான்கள் உண்டு, ஒரு நேரத்தில் ஒருவர்தான் தொடலாம். தொடுகிறவர் பூட்டிக்கொண்டு தொட வேண்டும், வேலை முடிந்ததும் திறந்துவிட வேண்டும். செம்மேட்டு பஸ் ஸ்டாண்டில் இருக்கிற ஒற்றை டெலிபோன் பூத் மாதிரி. உள்ளே போனவர் கதவைச் சாத்திக்கொண்டு ஊர்க்கதை பேச ஆரம்பித்தால் வெளியே நிற்பவர் காலை மாற்றி மாற்றி நிற்க வேண்டியதுதான். யாரோ பெரிய வாடிக்கையாளர்கள் வந்து சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் மெஷின் அப்படியே உறைந்து நின்றது. வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். டிரேஸை எடுத்துப் படித்தீர்கள். 'பூட்டைப் பிடித்திருப்பது நெட்வொர்க், காத்திருப்பது டிஸ்க்' என்று இருந்தது. எல்லாத் தலையும் ஷமீமா பக்கம் திரும்பியது. "அந்தப் பூட்ட எடுத்தா அடுத்த வரியிலயே விட்டுர்றேன், நான் எழுதின கோட வேணா பாருங்க" என்று அவள் தொண்டை கட்டுகிற வரை சொல்லியிருக்கிறாள். உன் மேனேஜர், "டிரேஸ் பொய் சொல்லாது" என்றாராம். அந்த வாரமே ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள். இதெல்லாம் அப்போது நீயே எனக்குப் போனில் சொன்னது. "பாவம்மா, நல்ல பொண்ணு" என்று பெருமூச்சு வேறு விட்டாய்.

அந்த டிரேஸைத்தான் நீ பின்னிணைப்பில் அச்சடித்திருந்தாய், ஆள் பெயர் இல்லாமல், பெருந்தன்மையாக. நான் போன வருஷ மிளகைக் காயப்போட்டிருந்த கோரைப்பாய் ஓரத்தில் உட்கார்ந்து, கோழியை விரட்டிக்கொண்டே படித்தேன். டிஸ்க் பூட்டுக்காகக் காத்திருக்கிறது என்கிறது ஒரு வரி. அதற்கடுத்த வரியில் அதே டிஸ்க் எதையோ படிக்கிறது. அதற்கடுத்த வரியிலும் படிக்கிறது. பக்கம் முழுக்கப் படித்துத் தள்ளுகிறது. காத்திருக்கிறவன் எப்படியடா வேலை செய்துகொண்டிருப்பான்? பூட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லப்பட்ட நெட்வொர்க்கோ, அந்த வரிக்கு அப்புறம் வாயே திறக்கவில்லை. பூத்துக்குள்ளே சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது உன் டிஸ்க். வெளியே வாயை மூடி நின்றது ஷமீமாவின் நெட்வொர்க். இதைக் கண்டுபிடிக்க மூளை வேண்டாம், வரிகளை வரிசையாகப் படித்தால் போதும். உன் ஆபீஸில் ஒருவருக்கும் அடுத்த வரியைப் படிக்கிற பழக்கம் இல்லை.

பிறகு உன் விளக்கத்தைப் புரட்டினேன். 'முதல் இடம், காத்திருப்பது. இரண்டாம் இடம், பிடித்திருப்பது' என்று உள்ளே ஒழுங்காக இருந்தது. பின்னிணைப்பில் நேர் எதிர். கடைசித் தாளில், எந்த மாதம் எதை மாற்றினீர்கள் என்கிற கட்டத்தில் தேடினேன். ஷமீமா வெளியே போன மறுமாதம், உன் இனிஷியலுக்கு நேரே: 'இரண்டு இடங்களின் வரிசை சரிசெய்யப்பட்டது. சிறு திருத்தம்.'

ஆக நடந்தது இவ்வளவுதான். பார்க்க அழகாக இருக்கட்டும் என்றோ என்னவோ, புரோகிராமுக்குள் இரண்டு பெயர்களின் வரிசையை மாற்றினாய். வெளியே இருந்த வாக்கியத்தை மாற்ற மறந்தாய். காத்திருந்தவள் பிடித்திருந்தவளாக அச்சானாள். மறதிக்காக நான் யாரையும் இகழ்ந்ததில்லை. கெர்னல் எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தக் குழியில் ஒரு தடவையாவது விழுந்தவர்கள்தான். விழுந்தவன் எழுந்து 'நான்தான் விழுந்தேன்' என்பான். நீ எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, 'சிறு திருத்தம்' என்று எழுதினாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பெண்ணின் பிழைப்பை இரண்டே வார்த்தையில் மறைத்தவனை இப்போதுதான் பார்க்கிறேன், அவனை நானே பெற்றிருக்கிறேன். அதோடு விட்டாயா? அவள் மேல் விழுந்த பழியை எடுத்து, அமெரிக்காக்காரனுக்குப் பாடம் நடத்த உதாரணமாக ஒட்டிவைத்தாய். உள்ளே திருத்தியவன் பின்னிணைப்பைத் திருத்த மறந்துவிட்டாய். திருடுவதில்கூட உனக்கு ஒழுங்கு போதாது.

அன்றைக்கே போன் செய்தேன். குரலைத் தாழ்த்தி, "அம்மா, அது முடிஞ்சு போன விசயம். நான்தான் அடுத்த ரிலீஸ்லயே மாத்திட்டேனே" என்றாய்.

"வாக்கியத்த மாத்தின. அவளுக்கு என்னடா மாத்தின?"

"அவளே எழுதிக் குடுத்துட்டுப் போனாம்மா. யாரும் கழுத்தப் புடிச்சுத் தள்ளல. இப்பப் போயி நான் சொன்னா என் அமெரிக்கா வேலை போயிரும். கல்யாண நேரத்துல இதெல்லாம் வேணாமே. ஒரு நிமிசம்மா, மீட்டிங்குக்குக் கூப்பிடறாங்க."

மீட்டிங்குக்குப் போனவன் இன்னும் திரும்பி வரவில்லை.

பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற தாய்மார்கள் நடுவில் தன் குற்றத்தையும் ஒப்புக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொள்வது வழக்கம். நானும் என்னிடம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். ஒன்று கிடைத்தது. நீ ஏழோ எட்டோ படிக்கும்போது, பெங்களூர் வீட்டில், ஒரு லீவு நாளில் அடுக்களை டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டினாய். முத்து முத்தான கையெழுத்து. ஆனால் பெயரை டப்பாவில் ஒட்டாமல் மூடியில் ஒட்டினாய். எல்லா மூடியும் எல்லா டப்பாவுக்கும் பொருந்தும் என்பது உனக்குத் தோன்றவில்லை. அந்த வாரம் உன் அத்தை ஊரிலிருந்து வந்து, விருந்தாளிகளுக்குப் பாயசம் வைத்தாள். சர்க்கரை என்று மூடி சொன்னதை நம்பி அள்ளிப் போட்டாள். வாயில் வைத்தவர்கள் எல்லோரும் முகம் கோணினார்கள். "உப்புக்கும் சக்கரைக்கும் வித்தியாசம் தெரியாதவளா நானு?" என்று அவள் எல்லோர் முன்னாலும் கலங்கி நின்றாள். அதற்கு முன்தினம் டப்பாக்களைத் துடைத்து, மூடிகளை மாற்றிப் போட்டவன் நீ. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குத் தெரிந்தது. உன் கையெழுத்து அழகில் மயங்கி, சிரித்துவிட்டு விட்டேன். உன் அத்தை அதற்கப்புறம் நம் வீட்டு அடுப்பைத் தொடவில்லை. அன்றைக்கு உன் காதைத் திருகி அவள் முன்னால் நிறுத்தியிருக்க வேண்டும். என் கணக்கில் அவ்வளவுதான் குற்றம். மற்றதெல்லாம் உன் சொந்தச் சம்பாத்தியம்.

இப்போது போன வாரக் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அஜீஸ் பாய் மலையேறி வந்தார். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே, அத்தனை வளைவும் ஆடி அசைந்து வந்து, முகம் வெளுத்து இறங்கினார். மருத்துவர் சொல்லி உப்பைக் குறைத்திருக்கிற மனிதர். கையில் ஒரு பை, பை நிறையப் பேரீச்சம்பழம். உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தேன்.

"ஏனுங் தங்கச்சி, தம்பி கல்யாணத்துக்குப் பாத்திரம் வெளிய எங்கயும் வாங்கிப்போடாதீங்க. சீர்ப் பாத்திரம் அத்தனையும் நம்ம கடையிலருந்து வருதுங்க. காசுப் பேச்சே எடுக்கக்கூடாது" என்றார்.

உன் அப்பா பதறிப்போய், "அதெப்புடிங் பாய், அதெல்லாம் முறையில்லீங்க" என்றார்.

"முறை என்னங்க முறை. எம்புள்ள அங்க அழுதுட்டு நின்னப்ப, ஒரு ஆளு பக்கத்துல வந்து நிக்கலீங்க. உங்க பையன்தானுங்க ஒருத்தரு, அவளுக்காவ ஆபீஸ்ல பேசிப் பாத்துட்டு, பஸ்ஸு வரைக்கும் வந்து பெட்டியத் தூக்கி வெச்சு அனுப்பினாப்ல. நான் அத மறப்பனுங்களா?"

நீ பேசினாயா? என்ன பேசினாய்? மேனேஜரிடம் போய் 'பாவம் சார், நல்ல பொண்ணு' என்றிருப்பாய். அதையும் பேசியதாக அவளிடம் சொல்லிக்கொண்டாய் போலிருக்கிறது. அந்தப் பெட்டியைத் தூக்கும்போதாவது கை கூசவில்லையா? இல்லை, அப்போது உனக்குத் தெரியாது என்பாய். சரி, மறுமாதம் தெரிந்ததே. அன்றைக்கு உனக்கு அவள் வீட்டு நம்பர் மறந்து போயிற்றா?

ஷமீமா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். பாய் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "கடையில உக்காந்திருக்கறாளுங்க. எடை போட்டுக் குடுக்கறா. எங்க எழுதிப் போட்டாலும் மொதல்ல கூப்புடறாங்க, அப்பறம் பழைய ஆபீஸ்ல ஒரு வார்த்த கேக்கறாங்க, அதோட சரிங்க. இப்ப எழுதிப் போடறதையும் உட்டுட்டா. நானும் ஒண்ணும் கேக்கறதில்லீங்க. எம்புள்ள தப்புப் பண்ணியிருந்தாலும் எம்புள்ளதானுங்களே" என்றார்.

பண்ணியிருந்தாலும்! பெற்ற தகப்பனே நம்பிவிட்டார். டிரேஸ் பொய் சொல்லாது என்று அந்த மேனேஜர் சொன்னது சேந்தமங்கலம் பாத்திரக்கடை வரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. நான் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். பாவம் என் வீட்டில் இருக்கிறது, பழி அவர் கடையில் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அவர் என்னடாவென்றால் பாவம் செய்தவனுக்கு அண்டாவும் குத்துவிளக்கும் சீர் கொண்டுவருகிறேன் என்கிறார். அவர் பஸ் ஏறிப் போன பிறகு உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரைக்கும் அவருக்குத் தெரியாது. ஏணியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

நான் அப்போதே சேந்தமங்கலம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றார். "நீ சொன்னீன்னா அது நீ சொன்னதாப் போயிரும் புள்ள. அவன் என்னைக்கும் சொல்லமாட்டான். அவன் வாயில வரட்டும். ஒரு நாளக் குறிச்சுக் கெடு குடு." நீ மூளையில்லாத மனிதர் என்று நினைத்துச் சிரிக்கிற உன் அப்பா சொன்னது இது. அதனால்தான் இந்தக் கடிதம். இல்லாவிட்டால் நான் உன்னிடம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

நீ செய்ய வேண்டியது அதிகமில்லை. முதலில் ஷமீமாவுக்குப் போன் செய். பெயரைச் சொல்லி, 'பூட்டைப் பிடித்திருந்தது நான்' என்று சொல். 'எங்கேயோ ஒரு சின்ன மிஸ்டேக் ஆயிருச்சு' என்று ஆள் இல்லாத வாக்கியம் ஏதாவது சொல்வதானால், சொல்லாமலே இருக்கலாம். உங்கள் ஆபீஸில் எல்லாத் தப்பும் தானாகவே நடக்கும், செய்தவனே இருக்க மாட்டான். பிறகு உன் மேனேஜருக்கு எழுது. பழைய வாக்கியம், புது வாக்கியம், நீ மாற்றிய தேதி, மூன்றையும் வை. அடுத்த கம்பெனிக்காரன் கேட்டால் இனிமேல் அவளைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கு. அமெரிக்கா போனால் போகட்டும். நீ போகாவிட்டால் அமெரிக்கா ஒன்றும் அழுது சாகாது. வேலையே போனாலும் இங்கே ஏணி பிடிக்க ஆள் வேண்டும். உனக்கு வரப்போகிறவள் இதைப் படித்துவிட்டுக் கல்யாணம் வேண்டாம் என்றால், அவள் புத்திசாலி, அவளுக்கு என் ஆசீர்வாதம். வேண்டும் என்றால், அவளையாவது ஏமாற்றாமல் கட்டினாய் என்று இருக்கும்.

எனக்கு உன் மேல் பாசம் இல்லாமல் போய்விடவில்லை. இருக்கிறது, அதுதான் அருவருப்பாக இருக்கிறது. ஊரில் யாரோ ஒருவன் இதைச் செய்திருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு நான் பாட்டுக்கு மிளகு பொறுக்கப் போயிருப்பேன்.

வருகிற புதன்கிழமை காலை பஸ்ஸில் நானும் உன் அப்பாவும் சேந்தமங்கலம் போகிறோம், பாய் வீட்டுக்குப் பத்திரிகை வைக்க. தட்டு எடுத்து வைத்துவிட்டேன். வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை. அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்காரச் சொல்வார்கள். ஷமீமா தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். அதற்குள் உன் போன் அவளுக்கு வந்திருக்க வேண்டும். வந்திருந்தால், அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன், அவள் துரத்தினால் திரும்பி வருவேன், உட்காரச் சொன்னால் உட்காருவேன். வராவிட்டால், தட்டில் பத்திரிகைக்கு அடியில் உன் பின்னிணைப்பை வைத்துக் கொடுப்பேன். நான் விளக்கம் ஒன்றும் எழுதி வைக்கப்போவதில்லை. அவளுக்கு அடுத்த வரியைப் படிக்கத் தெரியும்.

பத்திரிகையில் உன் பெயர் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது, நான் பார்த்துவிட்டேன். இன்னொரு இடத்தில் உன் பெயர் விழவேண்டிய இடத்தில் அவள் பெயர் நிற்கிறது. புதன்கிழமைக்குள் போய் அதை எடு.

உன்னைப் பெற்றவள்